என் பேர் தால் பூரி: மொரீசியஸில் ஆறு நாள்

முதல் நாள், புதன்

விமானம் தாழப் பறக்கும்போது ஜன்னலோரம் இருந்த அம்மா, "என்னடா, திரும்ப கும்பகோணம் பக்கமே வந்துட்டமா?" என்றார். எட்டிப் பார்த்தேன். கீழே கரும்பு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரும்பு. நீலக் கடல், வெள்ளை மணல் எல்லாம் விளம்பரப் படத்தில் முதலில் வரும். நேரில் முதலில் வருவது கரும்புக் கொல்லைதான். ஆகஸ்டு வெட்டுக் காலம் என்பதால் சாலையில் எங்கள் காருக்கு முன்னால் கரும்பு லாரி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

கொல்லைகளுக்கு நடுவே கருங்கல் குவியல்கள் தெரிந்தன. சில குவியல்கள் ஓட்டு வீட்டு உயரம். எரிமலை கக்கிய தீவு, நிலமெல்லாம் பாறை. உழவு போட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கியவர்கள் இங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகளும், பின்னால் கப்பலேறி வந்த நம் ஊர் ஒப்பந்தக் கூலிகளும். ஓட்டுநர் இதைச் சொல்லிவிட்டு, "அதை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள், எடுத்துப் போட இடமில்லை" என்று சிரித்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா தமிழ்நாட்டுக்காரர். அவருக்குத் தமிழில் தெரிந்தது "வணக்கம்" ஒன்றுதான். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சு), பேப்பர் படிப்பது பிரெஞ்சில், எங்களிடம் ஆங்கிலம்.

விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது ஒரு சந்தோஷம். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ், அதற்குக் கீழே இந்தி. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல்வாதி. 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் போட்டுவிட்டார்கள். தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், இத்தனை காலம் இருந்த வரிசையை மாற்றக் கூடாது என்று தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அடித்த நோட்டையெல்லாம் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி அடித்தது. தமிழ் பேச வராத தமிழர்கள் நடத்திய சண்டை இது என்பதை நினைத்தால் இன்னும் பிடித்துப் போகிறது.

தங்கியது மேற்குக் கரையில், ஃபிளிக் ஆன் ஃபிளாக் என்ற ஊரில். சமையலறை உள்ள சின்ன வீடு. கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பு. இரவு வேறொன்றும் செய்யவில்லை, கொண்டுவந்த புளிக்காய்ச்சலில் சோறு பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது இந்த ஊர். அம்மா அதிகாலை மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள், வியாழன்

போர்ட் லூயிக்குப் பேருந்தில் போனோம். தலைநகரம் என்றாலும் ஒரு பகலில் நடந்து பார்த்துவிடலாம்.

துறைமுகத்தைப் பார்த்து ஒரு சிலை நிற்கிறது, இருபக்கமும் பனை வகை மரங்கள் வரிசைகட்டி நிற்க. மாஹே த லா பூர்தொனே. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்து இந்த ஊரைக் கட்டியவர். கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கமிருந்து தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்தார். தமிழர் இங்கே வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே கரையிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவர்தான் 1746-இல் இங்கிருந்து கப்பல்களோடு வந்து நம் சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். அதன்பின் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயோடு தகராறு, பிரான்சில் பாஸ்தீல் சிறை. "நம்ம கோட்டையைப் புடிச்ச ஆளா? அதுக்கு முன்னாடி நின்னு போட்டோவா?" என்று மனைவி கேட்டாள். எடுத்துக்கொண்டோம்தான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஆப்ரவாசி காட், அதாவது குடிவந்தவர்கள் இறங்கிய துறை. யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. முன்பு இதற்கு 'கூலி காட்' என்று பெயர். 1834 நவம்பர் 2 அன்று 36 பேர் கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' என்ற கப்பலில் வந்து இறங்கினார்கள். அடிமை முறையை ஒழிக்கப் போகிறோம், கரும்பு வெட்ட ஆள் வேண்டும், சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்துப் பார்ப்போம் என்று பிரிட்டிஷ் அரசு செய்த சோதனை. சோதனை அவர்கள் பார்வையில் வெற்றி. 1920 வரைக்கும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று துறைமுகத்திலிருந்தும்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், அதிகம் இல்லை. பழைய கட்டடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கருங்கல் சுவர், ஒரு சமையற்கட்டு, குளிக்கிற இடம், அப்புறம் கப்பலிலிருந்து ஏறிவந்த 16 கல் படிகள். மனம் நின்றது அந்தப் படிகளில்தான். நடு நடுவே வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. அம்மா கீழ்ப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலது காலை எடுத்து வச்சிருப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. காட்சிக்கூடத்தில் வந்தவர்களின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். முகத்தில் ஒரு பாவமும் இல்லாமல் நேராகப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெயர்கள் இன்று கடைப் பலகைகளில் நிற்கின்றன. பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதியதால், முத்துசாமி மூத்தூசாமி ஆகிவிட்டார், சுப்ரமணியன் சூப்ரமானியேன் ஆகிவிட்டார்.

ப்ளூ பென்னி அருங்காட்சியகத்துக்கு மனைவிக்காக மட்டும் போனோம், அவளுக்குச் சின்ன வயதில் தபால்தலை சேர்க்கிற வழக்கம். 1847-இல் இங்கே அச்சிட்ட சிவப்பு ஒரு பென்னி, நீலம் இரண்டு பென்னி தபால்தலைகள். ஒவ்வொன்றிலும் 500 அச்சடித்தார்கள், இன்று உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம். 1993-இல் இந்நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டு ஏலத்தில் மீட்டு வந்தன. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று மணிக்குச் சில நிமிடம் மட்டுமே அசலுக்கு விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரம் நகல். கருவறைத் திரை விலகுவதற்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தோம். விளக்கு எரிந்தது, ஒரு ஐந்தாறு பேர் மூச்சை இழுத்தார்கள், அணைந்தது. என்னால் நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இதை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

சரி, இப்போது சந்தை. எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான்.

காய்கறிப் பகுதியில் அம்மா முன்னால் போனார். முருங்கைக்கீரைக் கட்டைத் தொட்டு "இது என்ன?" என்று சைகையில் கேட்டார். கடைக்காரம்மா "ப்ரேத் மூரூம்" என்றார். ப்ரேத் என்றால் கீரை. மூரூம்? முருங்கைதான்! அடுத்தது கொத்துமல்லி. "கொத்தோமிலி." கறிவேப்பிலை, "கரிபுலே." பீர்க்கங்காய், "பிபங்காய்." அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒவ்வொரு காயாகத் தூக்கிக் காட்டி, கடைக்காரம்மா சொல்லச் சொல்ல இவரும் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் கிடையாது. காய்கறிப் பெயர்களை வைத்தே கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு கட்டுக் கொத்துமல்லி இலவசம்.

வெளியே தால் பூரிக் கடையில் கூட்டம். கடலைப்பருப்பு மாதிரி ஒரு மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து அரைத்து, சீரகம் சேர்த்து, மாவுக்குள் வைத்துத் தேய்த்துச் சுடுகிறார்கள். வெல்லம் போடாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி மாதிரி அவ்வளவு மென்மை. கடைக்காரர் மூடிய பெட்டியைத் திறந்தால் குப்பென்று ஆவி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை எடுத்து உள்ளங்கையில் விரித்து, மொச்சை மாதிரி ஒரு பயற்றுக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, மிளகாய் விழுது ஒரு தீற்றல், சுருட்டித் தாளில் வைத்துக் கொடுக்க அவருக்குப் பத்து நொடிகூட ஆகாது.

எங்கள் முறை வந்ததும் அம்மாவைப் பார்த்து, "என் பேர்?" என்றார்.

அம்மா மரியாதையாகக் காத்திருந்தார். அவரும் காத்திருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "என் பேர்னு ஆரம்பிச்சிட்டு பேரைச் சொல்லாமலே நிக்கிறாரேடா" என்றார்.

தால் பூரி இங்கே ஜோடியாகத்தான் விற்பனை. கிரியோலில் 'என் பேர்' என்றால் ஒரு ஜோடி. பின்னால் நின்ற கல்லூரிப் பெண் விளக்கியதும் வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கு ஓர் 'என் பேர்' வாங்கிக்கொண்டோம். அப்புறம் அலூதா. சப்ஜா விதை, கடல்பாசி, பால், சர்க்கரைப்பாகு. ஜிகர்தண்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. பக்கத்துத் தட்டில் 'காத்தோ பிமாங்' என்று குவித்து வைத்திருந்தார்கள். அதன் நேர் அர்த்தம் மிளகாய் கேக். கடித்துப் பார்த்தால் சாட்சாத் மசால் வடை, அளவில் மட்டும் சிறியது. அதை ரொட்டிக்குள் வெண்ணெய் தடவி வைத்துக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு யோசனை நமக்கு ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை என்பது தெரியவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

தென்மேற்கு. கார் மேலே ஏற ஏற ஜன்னல் கண்ணாடி பனித்தது. கடற்கரைத் தீவுக்குப் போகிறோம் என்று ஸ்வெட்டரே எடுத்துவைக்கவில்லை. அம்மா குளியல் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். இங்கே இது குளிர்காலம் என்பதைப் போகிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கரையில் இதமாக இருக்கும், நடுமேட்டில் ஊட்டி.

கிராண்ட் பாசின், அல்லது கங்கா தலாவ். எரிமலை வாயில் நிறைந்த ஏரி. 1972-இல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். நுழையும் இடத்தில் 108 அடிச் சிவன், எதிரே அதே உயரத்தில் துர்க்கை. மூடுபனியில் சிவனுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. திரிசூலத்தின் முனை மட்டும் ஒரு தடவை வந்து மறைந்தது. எனக்குச் சிலைகளைவிட ஏரிக்கரைதான் பிடித்தது. மகா சிவராத்திரிக்கு நாடு முழுவதிலிருந்தும் காவடி மாதிரி சோடித்த சட்டங்களைச் சுமந்துகொண்டு மக்கள் நடந்தே வருவார்களாம், பழனி பாதயாத்திரை போல. இன்று குரங்குகள்தான் பக்தர்கள். மனைவி கையிலிருந்த வாழைப்பழத்தை ஒன்று பிரசாதம் வாங்குகிற நிதானத்தோடு வாங்கிக்கொண்டு போனது.

சமாரேல் ஏழு வண்ண மண். இதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: படத்தில் பார்ப்பதைவிடச் சின்ன இடம். எரிமலைப் பாறை மக்கிக் களிமண்ணாகி, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணல்மேடுகளுக்குச் சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று நிறம் கொடுத்திருக்கின்றன. கலந்துவிட்டாலும் வண்ணங்கள் மெல்லப் பிரிந்துகொள்ளும் என்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். நாங்கள் போனபோது மேகமூட்டம், ஏழில் நான்கைத்தான் எண்ண முடிந்தது. திடீரென்று வெயில் விழுந்தது. கோலப்பொடி டப்பாக்களைக் கவிழ்த்துவிட்டாற்போல மேடு முழுக்க நிறம் எழும்பியது. இரண்டு நிமிடம் இருக்கும். ஆகவே வானத்தைப் பார்த்துப் போங்கள், பேருந்து நேரத்தைப் பார்த்து அல்ல. போகிற வழியிலுள்ள அருவி ஏறக்குறைய 100 மீட்டர். அதற்கு வெயில் தேவையில்லை, எப்போதும் அழகு.

மாலையில் லெ மோர்ன். 556 மீட்டர் பாறை மலை, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை முடிவுக்கு வந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல மேலே போன காவலர்களைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து, அவர்கள் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று கதை. நடந்ததோ இல்லையோ, அடிமைகளின் வழிவந்த இங்குள்ள கிரியோல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மலைக்குக் கீழே அடிமைகளுக்கான நினைவிடம். அதைத் தாண்டினால் உலகத்துப் பணக்காரர்களின் விடுதிகள், காற்றாடி கட்டிக்கொண்டு அலையில் பறக்கிற வெள்ளைக்காரப் பையன்கள். அன்னாசியைச் சுருள் சுருளாகச் செதுக்கி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். சாப்பிட்டபடி சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

நான்காம் நாள், சனி

மான் தீவு என்று பொருள்படும் ஈலோ செர்ஃப், கிழக்குக் கரையில். மான் கிடையாது.

பாய்மரப் படகில் நாள் முழுக்கப் பயணம், சைவச் சாப்பாடு உண்டு என்று ஒரு முகவர் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று நேராகக் கிழக்குக் கரையில்தான் மோதும். பாய்மரம் கிளம்பவில்லை, எங்களை ஒரு வேகப்படகில் இருபது பேரோடு திணித்தார்கள். சைவச் சாப்பாடு என்றால் பிறர் தட்டிலிருந்த கோழியை எடுத்துவிட்ட மீதி. பணம் திரும்பக் கேட்டதற்கு "காற்று, சார்" என்று ஒரே பதில். தண்ணீரின் நிறம் மட்டும் பொய் சொல்லவில்லை. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் காலைச் சுற்றி ஓடும் மீனின் வரி வரை எண்ணலாம். குளிர்காலத்தில் வருகிறவர்கள் மேற்குக் கரையிலேயே கடலாடுங்கள். இன்று இவ்வளவு போதும், கோபம் ஆறவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு

பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம். லா பூர்தொனே வீட்டுத் தோட்டமாகத் தொடங்கி, பியர் புவாவ்ர் என்பவர் பெரிதாக்கியது. புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு! பெயருக்கு ஏற்ற தொழில்: டச்சுக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிக் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கடத்தி வந்து இங்கே நட்டார்.

எல்லோரும் படம் எடுப்பது ராட்சத அல்லிக் குளத்தை. தாம்பாளம் மாதிரி விளிம்பு மடிந்த இலை, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம் போல. பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு. நாங்கள் பார்த்தது மறுநாள் பூ.

ஆனால் அம்மா நின்றது தாளிப்பனைக்குக் கீழே. குடைப்பனை என்றும் நம் பக்கம் சொல்வார்கள். ஒரே இலையில் பத்துப் பேர் மழைக்கு ஒதுங்கலாம். இது முப்பது, நாற்பது, அறுபது வருடம்கூட வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரே ஒரு முறை உச்சியில் லட்சக்கணக்கான பூக்களாகப் பூத்துக் காய்த்துச் செத்துவிடும். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் அம்மா, "இதோட ஓலையிலதான் அந்தக் காலத்துல ஏடு எழுதுவாங்க, உங்க தாத்தா வீட்டுல ரெண்டு கட்டு இருந்துச்சு" என்றார். எனக்கு இது புதுச் செய்தி. ஏடு எங்கே போயிற்று என்று கேட்டேன். "போகிக்கு எரிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார்.

திரும்பும்போது போர்ட் லூயி ஓரத்திலுள்ள சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயில். ஊர்க்காரர்களுக்கு இது 'கைலாசோன்'. கோயிலுக்குக் கிரியோலில் கோவில் என்றே சொல்கிறார்கள். மற்ற இந்துக் கோயில்களுக்கு வேறு சொல், தமிழ்க் கோயில் மட்டும் கோவில். கோபுரம், விபூதி, தேங்காய் மூடி எல்லாம் நம் ஊர்தான். அறிவிப்பு மட்டும் ஒலிபெருக்கியில் கிரியோலில். எட்டு வயது இருக்கும், பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை அம்மாவிடம் வந்து "வணக்கம், பாட்டி" என்றாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் விருப்பப் பாடமாம். பலகையிலிருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டினாள்: "கா... ல... ணி..." அதற்குமேல் ஓடவில்லை. "காலணி"க்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு ஓடிப்போனாள். செருப்பை அந்தப் பலகைக்குக் கீழேதான் விட்டிருந்தாள்.

ஆறாம் நாள், திங்கள்

விமானம் இரவில்தான். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு மாயேபூர் வந்தோம், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்.

படகில் ஐந்து நிமிடத்தில் ஈலோ செக்ரெத். 26 ஹெக்டேர் பவளத் திட்டு. ஆடு, எலி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, மனிதர் வருவதற்கு முன் தீவு எப்படி இருந்ததோ அப்படி ஆக்கப் பார்க்கிறார்கள். கருங்காலி மரங்கள் மெலிந்து கறுத்து நிற்கின்றன. டோடோ இருந்த நாடு இது. டச்சுக்காரர்கள் கால்வைத்து நூறு ஆண்டுக்குள் அந்தப் பறவையின் கதை முடிந்தது. இப்போது நாட்டுச் சின்னத்தில், டீ-சட்டையில், சாவிக்கொத்தில் எல்லாம் அது உயிரோடு இருக்கிறது. தலைக்குமேல் கிளையில் இளஞ்சிவப்புப் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துபோன இனம், இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. காலில் வளையம். அது எங்களைச் சட்டையே செய்யவில்லை, வால் பக்கம் கோதிக்கொண்டிருந்தது.

2020 ஜூலையில் 'வகாஷியோ' என்ற கப்பல் பவளப் பாறையில் மோதி நின்றது இந்தக் கடலில்தான். ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் கொட்டியது. ஊர் மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து நீளநீளமாக மிதவை செய்து கடலில் போட்டார்கள். வழிகாட்டிப் பெண் தன் கையால் தைத்ததை நடித்துக் காட்டினாள்.

திங்கள்கிழமை மாயேபூரில் பெரிய சந்தை. மனைவி வெனிலா வாங்கினாள். அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால் தால் பூரி வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார், தனியாக, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. முறை வந்தது. கடைக்காரர் வழக்கம்போல "என் பேர்?" என்றார். அம்மா தலையை ஆட்டி, இரண்டு விரலைக் காட்டி, "தே பேர்" என்றார். தே என்றால் இரண்டு. எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கிண்ணத்தைக் காட்டி, "கொத்தோமிலி, கொஞ்சம் சேர்த்துப் போடுப்பா" என்று முடித்தார்.

அவரும் சேர்த்துத்தான் போட்டார்.